பார்லி மிட்டாயும் ரோத்தானும்

மே 16 நெருங்கிவிட்டால் நம் நாளேடுகளின் கவிதைப் பக்கத்தில் மெழுகுவர்த்திகள் எரியத் தொடங்கிவிடும். ஆசிரியர் ஏணி, ஆசிரியர் தோணி, ஆசிரியர் தன்னை உருக்கி ஒளி தருபவர். நானும் படிவம் இரண்டு படிக்கும்போது இப்படி ஒன்று எழுதி, ஆசிரியர் தின நிகழ்ச்சியில் வாசித்து, ஒரு பென்சில் பெட்டி பரிசு வாங்கியிருக்கிறேன். அந்தக் கவிதையில் வரும் ஆசிரியர் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் நான் மனதில் வைத்து எழுதிய டீச்சர், ஆறாம் ஆண்டில் வாரத்துக்கு இரண்டு முறையாவது என் உள்ளங்கையில் ரோத்தானை இறக்கியவர். கவிதைக்குள் வரும்போது அவர் கையிலிருந்த ரோத்தானை நானே பிடுங்கி ஒளித்துவைத்துவிட்டேன். அப்போது அது பொய்யாகத் தோன்றவில்லை, மரியாதையாகத் தோன்றியது.

கண்டிப்பான ஆசிரியரைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமாகத்தான் எழுதப்படுகிறது. ஒன்று நான் எழுதியதுபோல ரோத்தானை ஒளித்துவைத்துப் புகழ்வது. மற்றது, “அன்று அடித்தார், அதனால்தான் இன்று பொறியியலாளர் ஆனேன்” என்று ரோத்தானுக்கே மாலை போடுவது. முகநூலில் இரண்டாவதுக்குத்தான் லைக் அதிகம். ‘அடியாத மாடு பணியாது’ என்று கீழே யாராவது எழுதுவார்கள். மாடாக இருப்பதில் நமக்குப் பெரிய மறுப்பு எதுவும் இருந்ததில்லை.

இந்த இரண்டுக்கும் வெளியே நிற்கும் ஓர் எழுத்தைச் சென்ற ஆண்டு வாசித்தேன். ஆல்பெர் காம்யூவின் ‘முதல் மனிதன்’ நாவலில் வரும் பள்ளி பற்றிய அத்தியாயம். நான் வாசித்தது டேவிட் ஹாப்குட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு. காம்யூ என்றால் ‘அந்நியன்’, அபத்தம், சிகரெட் பிடிக்கும் கறுப்பு வெள்ளைப் படம் என்று மட்டும் தெரிந்து வைத்திருந்தவன் நான். நிபோங் திபாலில் யூ.எஸ்.எம். பொறியியல் வளாகத்தில் படித்தபோது ‘அந்நியன்’ வாசித்துவிட்டு இரண்டு வாரம் யாரோடும் சரியாகப் பேசாமல் திரிந்தது வேறு கதை. அந்த மனிதருக்குள் இப்படி ஒரு ஏழைச் சிறுவன் இருந்தான் என்று அப்போது தெரியாது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960 ஜனவரி 4 அன்று பிரான்சில் நடந்த கார் விபத்தில் காம்யூ இறந்தார். அவருடைய பையில் 144 பக்கக் கையெழுத்துப் பிரதி ஒன்று இருந்தது. முடிக்கப்படாத, திருத்தப்படாத அந்த நாவலை அவருடைய மகள் கத்தரின் 1994-இல்தான் வெளியிட்டார். நாவலில் சிறுவன் பெயர் ஜாக் கோர்மெரி. ஆனால் அது காம்யூவின் சொந்த வாழ்க்கைதான். அல்ஜியர்ஸ் நகரின் பெல்கூர் என்ற ஏழைகள் வாழும் பகுதி. முதல் உலகப் போரில் செத்துப்போன அப்பா. காது சரியாகக் கேட்காத, எழுதப்படிக்கத் தெரியாத, பிறர் வீடுகளில் வேலை செய்யும் அம்மா. வீட்டை ஆளும், சாட்டை வைத்திருக்கும் பாட்டி. அங்கிருந்து இவன் பள்ளிக்கூடம் போகிறான். வகுப்பில் பெர்னார் என்ற ஆசிரியர்.

நிஜ வாழ்க்கையில் அவர் பெயர் லூயி ஜெர்மேன். காம்யூவுக்கு 1957-இல் நோபல் பரிசு கிடைத்தபோது, அந்த ஆரவாரம் கொஞ்சம் அடங்கியதும், நவம்பர் 19 அன்று ஜெர்மேனுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினார். செய்தி வந்ததும் அம்மாவுக்கு அடுத்து நினைவுக்கு வந்தவர் நீங்கள்தான் என்று அதில் சொல்கிறார். நோபல் உரை புத்தகமாக வந்தபோது அதையும் அவருக்கே சமர்ப்பணம் செய்தார். இந்தக் கடிதம் இப்போது இணையத்தில் ஆசிரியர் தினம்தோறும் சுற்றிவருகிறது. அதைப் பகிர்கிறவர்களில் பெரும்பாலோர் நாவலின் அந்த அத்தியாயத்தை வாசித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். வாசித்திருந்தால் ‘பார்லி மிட்டாய்’ பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பார்கள்.

பார்லி மிட்டாய் என்பது பெர்னாரின் அடிகோல். சிவப்பு மரத்தாலான, தடித்த, குட்டையான ஓர் அடிமட்டம். மை படிந்தது. எப்போதோ ஒரு மாணவனிடமிருந்து பறிமுதல் செய்தது. தவறு செய்த பையனே அதை எடுத்து ஆசிரியரிடம் நீட்ட வேண்டும். அவர் கிண்டலான முகத்தோடு வாங்கிக்கொள்வார். பையன் அவருடைய முழங்கால்களுக்கு இடையில் தலையைக் கொடுத்துக் குனிய வேண்டும். பின்புறத்தில் அடி விழும். அடியை ஒவ்வொருவனும் எப்படி வாங்கிக்கொள்கிறான் என்றுகூட காம்யூ எழுதுகிறார். மறைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. மிட்டாய் என்ற பெயரில் இருக்கிற அந்தக் குரூரமான நகைச்சுவையை அப்படியே விட்டுவைக்கிறார்.

பையன்கள் ஏன் இந்தத் தண்டனையைக் கசப்பில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு அவர் இரண்டு காரணம் சொல்கிறார். முதலாவது, அவர்களில் ஏறக்குறைய எல்லாரும் வீட்டில் அடி வாங்குகிறவர்கள். அதனால் அடி என்பது வளர்ப்பின் இயல்பான பகுதியாகவே தெரிந்தது. இரண்டாவது, ஆசிரியரின் நியாயம் முழுமையானது. எந்தத் தப்புக்கு அடி உண்டு என்று முன்கூட்டியே தெரியும். அந்தக் கோட்டைத் தாண்டியவன் யாராக இருந்தாலும் அடி ஒன்றுதான். ஆசிரியருக்குப் பிடித்த ஜாக்கும் அதை வாங்கியிருக்கிறான்.

இங்கேதான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என் டீச்சரை நினைத்துக்கொண்டேன்.

கெடாவில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. ஆறாம் ஆண்டில் மொத்தம் பத்தொன்பது பேர். கணிதமும் வகுப்பும் டீச்சருடையது. காலையில் வகுப்புக்குள் நுழைய ஒரு பெருக்கல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தப்பினால் ஒன்று. விடை சரியாக இருந்து வழிமுறை எழுதாமல் இருந்தால் இரண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: அழிப்பான் கொண்டுவரக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் அதன்மீது ஒரே ஒரு கோடு போட்டுவிட்டு, கீழே சரியானதை எழுத வேண்டும். கிறுக்கி மறைத்தால் மூன்று. “தப்பு எனக்குத் தெரியணும். நீ எங்க வழுக்கி விழுந்தன்னு நான் பாக்கணும்” என்பார். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் வாசனை ரப்பரெல்லாம் வைத்திருப்பார்கள். ஸ்ட்ராபெரி வாசனை. எங்களுக்கு அது கடத்தல் பொருள்.

பல்கலைக்கழகம் முடித்து, ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்த முதல் வாரம் பயிற்சி கொடுத்தார்கள். பதிவேட்டில் தப்பாக எழுதினால் வெள்ளை மை பூசக் கூடாது, கிறுக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். தப்பு என்னவென்று தணிக்கைக்கு வருகிறவருக்குத் தெரிய வேண்டும். கூட உட்கார்ந்திருந்தவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் கையை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு வயதிலிருந்து நான் அப்படித்தான் எழுதுகிறேன். அன்று இரவு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், கவிதை எழுதிய படிவம் இரண்டு பையனுக்கு இல்லாத ஒரு நன்றி எனக்குள் வந்தது. டீச்சரின் பொதுவான பெருமைக்காக வந்த நன்றி இல்லை அது. அந்த ஒரு கோட்டுக்காக வந்தது.

காம்யூவின் நன்றியும் இப்படிக் குறிப்பானது என்பதுதான் அந்த அத்தியாயத்தின் பலம் என்று நினைக்கிறேன். பெர்னார் நல்லவர், வல்லவர் என்று அவர் எங்கும் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில்லை. மற்ற வகுப்புகளில் வாத்துகளுக்குத் தீனி திணிப்பதுபோலச் சமைத்துவைத்த பாடத்தைத் திணித்தார்கள் என்றும், இந்த வகுப்பில்தான் முதன்முறையாகத் தாங்களும் மதிக்கப்படுகிறோம், உலகத்தைக் கண்டுபிடிக்கத் தகுதியுள்ளவர்களாக நினைக்கப்படுகிறோம் என்று அந்த ஏழைப் பிள்ளைகள் உணர்ந்தார்கள் என்றும் எழுதுகிறார். ஒவ்வொரு பருவ முடிவிலும் ஆசிரியர் போர் பற்றிய ஒரு நாவலை, ரோலான் தொர்ழெலேயின் ‘மரச் சிலுவைகள்’, வகுப்பில் வாசித்துக் காட்டுகிறார். கடைசி நாள் ஜாக் அழுகிறான். பல வருடம் கழித்து, தலை நரைக்கத் தொடங்கிய ஜாக் அவரைப் பார்க்க வரும்போது, பிரவுன் தாளில் சுற்றிய அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுக்கிறார் கிழவர். நீ அழுத அன்றே இது உன்னுடையதாகிவிட்டது என்பது அவர் கணக்கு. நோபல் பரிசைவிடப் பெரிய பரிசு என்றெல்லாம் நான் மிகைப்படுத்த மாட்டேன். ஆனால் அந்தப் பக்கத்தைத் தாண்ட எனக்கு நேரம் எடுத்தது.

ஒரு சின்ன விஷயம். பிரதி திருத்தப்படாதது என்று சொன்னேன் அல்லவா? அந்த அத்தியாயத்தில் ஓர் இடத்தில் காம்யூ கதாபாத்திரத்தின் பெயரை மறந்துவிட்டு, உண்மையான பெயரான ஜெர்மேன் என்றே எழுதிவிடுகிறார். பதிப்பாளர்கள் அதைத் திருத்தாமல், அடிக்குறிப்பு போட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். புனைவுக்காகக் கவனமாகப் போட்டுவந்த மாற்றுப்பெயர் அங்கே கைநழுவுகிறது. என் டீச்சர் சட்டத்தின்படி பார்த்தால் அதுவும் அழிக்கப்படாத தப்பு. எழுதுகிறவன் எங்கே வழுக்கினான் என்று நமக்குத் தெரிகிறது. உயிரோடு இருந்திருந்தால் காம்யூ அதைத் திருத்தியிருப்பார். திருத்தாமல் போனது நமக்கு லாபம்.

கண்டிப்பு மட்டும் போதாது என்பதற்கு எதிர் உதாரணமாக, டெரன்ஸ் ராட்டிகன் 1948-இல் எழுதிய ‘த பிரவுனிங் வெர்ஷன்’ நாடகத்தைச் சொல்லலாம். அதிலும் ஒரு கண்டிப்பான ஆசிரியர். குரோக்கர்-ஹாரிஸ். கிரேக்கமும் லத்தீனும் கற்பிப்பவர். மாணவர்கள் அவரைப் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்கிறார்கள். நாஜி ஹிம்லரோடு தன்னைத் தலைமையாசிரியர் ஒப்பிட்டார் என்று ஓய்வுபெறும் வேளையில்தான் அவருக்கே தெரியவருகிறது. ஒரே ஒரு பையன் பழைய புத்தகம் ஒன்றைப் பிரிவுப் பரிசாகக் கொடுக்க, அந்த மனிதர் உடைந்து அழுகிறார். அவர் யாரையும் அநியாயமாகத் தண்டித்தவர் இல்லை. ஒழுங்கு தவறாதவர். ஆனால் பாடத்தின்மீது தனக்கிருந்த காதலை வகுப்பறைக்குக் கொண்டுவர முடியாமல் போனவர். கண்டிப்பு மட்டும் மிஞ்சிவிட்டது. ராட்டிகன் அந்தக் கண்டிப்பை ஒரு தோல்வியாகப் பார்க்கிறார், அதே நேரம் அந்த மனிதரைக் கைவிடவும் இல்லை. (அந்தப் பையன் மேல்வகுப்புக்குப் போவதை அந்தப் பள்ளியில் ‘ரிமூவ்’ என்கிறார்கள். வாசித்தபோது சிரித்துவிட்டேன். நம் ஊரில் ‘ரிமூவ்’ என்றால் மலாய்மொழியில் தேறாத தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியில் ஓராண்டு கூடுதலாக உட்கார வேண்டிய புகுமுக வகுப்பு. அவர்களுக்கு ஏறுவது, நமக்கு நிற்பது. காலனியம் சொற்களைக்கூடத் தலைகீழாகத்தான் ஏற்றுமதி செய்திருக்கிறது.)

பெர்னாரின் கண்டிப்பு ஏன் வேறு என்றால், அவர் கொடுத்த நேரம். ஆண்டின் இறுதியில் லீசே எனப்படும் இடைநிலைப் பள்ளிக்கான உபகாரச் சம்பளத் தேர்வுக்கு நான்கு பையன்களைத் தேர்ந்தெடுக்கிறார். ஜாக், அவன் நண்பன் பியேர், ஃப்ளேரி, சாந்தியாகோ. பள்ளி முடிந்த பிறகு தினமும் இரண்டு மணி நேரம் அவர்களுக்குத் தனியாகப் பாடம். காசு கிடையாது. பேரன் சீக்கிரம் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டும் என்று பாட்டி மறுத்தபோது, அவர் வீட்டுக்கே நடந்து போய்ப் பேசுகிறார். உங்களுக்குக் கொடுக்க எங்களிடம் பணம் இல்லையே என்று பாட்டி சொல்ல, பையன் ஏற்கனவே கொடுத்துவிட்டான் என்கிறார். அவர் முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பியவர். அப்பாக்களைப் போரில் இழந்த பிள்ளைகள்மீது தனக்குத் தனிப் பிரியம் உண்டு என்பதை வகுப்பில் வெளிப்படையாகவே அறிவிக்கிறார். செத்துப்போன தோழர்களின் இடத்தில் நான் நிற்க முயல்கிறேன் என்ற பொருளில்.

எங்கள் டீச்சரும் இரண்டு மணி நேரம்தான். பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு. சனிக்கிழமை காலையும். 2009-இல் தமிழ்ப்பள்ளிக்கு யு.பி.எஸ்.ஆர். ஏழு தாள். ஏழு ஏ வாங்கக்கூடியவர்கள் என்று ஐந்து பேரை முதல் மேசையில் உட்காரவைத்தார். நான் அதில் ஒருவன். அவித்த மரவள்ளிக்கிழங்கு கொண்டுவருவார். முடிந்ததும் தன் கஞ்சில் காரில் எங்களை அடைத்துத் தோட்டத்து லயம் வரை கொண்டுவந்து விடுவார். ஏழு ஏ வாங்கினோமா என்று கேட்காதீர்கள். எனக்கு ஆறு. அந்த ஒரு பி-க்காக டீச்சர் என் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இவ்வளவும் எழுதி, இந்தக் கட்டுரையை முடித்திருப்பேன். ‘காம்யூவும் என் டீச்சரும்’ என்று தலைப்புகூட வைத்தாகிவிட்டது. அப்போதுதான் டீச்சருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை என்று கேள்விப்பட்டு, பழைய வகுப்பு நண்பர்களோடு போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். கடைசி மேசை நண்பன் ஒருவனை அழைத்தேன். இப்போது லாரி ஓட்டுகிறான். பட்டர்வொர்த்துக்கும் கிள்ளானுக்கும் இடையில். வாரத்தில் மூன்று இரவு நெடுஞ்சாலையில்தான் தூங்குகிறான். நாங்கள் இருவரும் ஒரே எண்ணிக்கையில் அடி வாங்கியவர்கள். அதைச் சொல்லிச் சிரித்தபடியே அழைத்தேன்.

“நீ போய் நன்றி சொல்லிட்டு வாடா, நான் வரல” என்றான்.

“என்னடா, ரெண்டு பேரும்தானே வாங்குனோம்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னான். “அடிச்சப்புறம் உன் பக்கத்துல உக்காந்தாங்க. ‘எங்க தப்புன்னு பாரு’ன்னு சொல்லிக் குடுத்தாங்க. என்னை அடிச்சிட்டு அடுத்த ஆளுக்குப் போய்ட்டாங்க. உனக்கு விழுந்தது வேற, எனக்கு விழுந்தது வேற மச்சான்.”

கோபமாகச் சொல்லவில்லை. லாரி டயர் தேய்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னான். அவன் யு.பி.எஸ்.ஆரில் மலாய்மொழியில் விழுந்து, ரிமூவ் போய், அங்கே ஓராண்டு உட்கார்ந்து, படிவம் மூன்றோடு நின்றவன். பிற்பகல் வகுப்பு நடந்த அந்த இரண்டு மணி நேரம் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று நான் இதுவரை யோசித்ததே இல்லை. கேட்டேன். “திடல்ல பந்து ஆடிட்டு இருந்தேன். நீங்க கார்ல ஏறிப் போறத பாத்துக்கிட்டு. நாலு மைல் நடந்து வருவேன்” என்றான்.

அன்று இரவு ‘முதல் மனிதன்’ அத்தியாயத்தை மறுபடியும் எடுத்தேன். இந்த முறை ஜாக்கைத் தேடவில்லை. மற்றவர்களைத் தேடினேன்.

தேர்வு முடிவு வரும் பக்கம். ஜாக் தேர்ச்சி. பியேர் தேர்ச்சி. ஃப்ளேரியும் தேர்ச்சி. சாந்தியாகோ மட்டும் இல்லை. ஜெயித்த பையன்கள் அவனைக் கவனம் இல்லாத ஒருவிதக் கனிவோடு பார்க்கிறார்கள். பரவாயில்லை, பரவாயில்லை என்று அவன் திரும்பத் திரும்பச் சொல்கிறான். அவ்வளவுதான். அதன்பிறகு கதை ஜாக்கோடு போய்விடுகிறது. தன்னை வளர்த்த ஏழைகளின் வெதுவெதுப்பான உலகத்திலிருந்து இந்த வெற்றி தன்னைப் பிடுங்கிவிட்டது, உதவிய ஒரே மனிதரும் இனி கூட இல்லை என்று ஜாக் துயரப்படுவதோடு அத்தியாயம் முடிகிறது. அழகான முடிவு. முதல் வாசிப்பில் நானும் கண் கலங்கினேன். சாந்தியாகோவை அப்போது நான் பார்க்கவே இல்லை. அந்தப் பையன்களைப்போலவே நானும் கவனம் இல்லாமல் கடந்திருக்கிறேன்.

சாந்தியாகோவாவது அந்த நால்வரில் இருந்தவன். அவனுக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது. என் நண்பன் அவன்கூட இல்லை. அவன் அந்த வகுப்பின் மீதிப்பேரில் ஒருவன். பார்லி மிட்டாய் எல்லாருக்கும் சமமாகக் கிடைத்தது என்று காம்யூ சொல்கிறார். ஆசிரியரின் நியாயம் முழுமையானது என்கிறார். அடியில் நியாயம் முழுமைதான், நம்புகிறேன். ஆனால் மாலை இரண்டு மணி நேரத்தில்? வீடு தேடி வந்த அந்த நடையில்? அதை நாவல் கேட்கவில்லை. கண்டிப்பு பொதுவுடைமையாகவும் அக்கறை தனிச்சொத்தாகவும் இருந்த ஒரு வகுப்பறையை, அந்தச் சொத்தைப் பெற்றவன் எழுதும்போது, நியாயமான வகுப்பறையாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

மீதிப்பேரில் கொஞ்சம் முகம் கொடுக்கப்பட்டவன் முனோஸ் ஒருவன்தான். ஜாக்கை ஆசிரியரின் செல்லப்பிள்ளை என்று முணுமுணுத்தவன். அதற்காக இருவரும் திடலில் சண்டை போடுகிறார்கள், ஜாக் ஜெயிக்கிறான். ஜெயித்த பிறகு முனோஸின் வீங்கிய கண்ணைப் பார்த்ததும் வெற்றி அவனுக்குக் கசந்துபோகிறது. ஒருவனைத் தோற்கடிப்பது தோற்பதைப்போலவே கசப்பானது என்று அன்று கற்றுக்கொண்டான் என்கிறார் காம்யூ. இந்த இடம் உண்மையானது. ஆனால் அங்கேயும் பாடம் ஜாக்குக்குத்தான் கிடைக்கிறது. முனோஸுக்கு வீங்கிய கண் மட்டும். அவன் முணுமுணுத்ததில் கொஞ்சம் உண்மை இருந்தது என்பதை ஆசிரியரே ஒப்புக்கொள்கிறார், நாவல் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறது. இன்னும் வெளியே போனால், அந்தப் பள்ளிக்குள் அதிகம் வராத அராபியப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது வேறொரு கட்டுரை.

முடிக்கப்படாத நாவல், இன்னொரு பகுதியில் சாந்தியாகோ திரும்பி வந்திருக்கலாம் என்று காம்யூவுக்காக வாதாடலாம். நான் வாதாடவில்லை. சாந்தியாகோவின் தோல்வியை அவர் எழுதாமலே விட்டிருக்க முடியும். மூன்று பேரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று எழுதியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் அவனை வைத்திருக்கிறார். மற்றவர்களின் கனிவில் கவனம் இல்லை என்ற உண்மையையும் சேர்த்து வைத்திருக்கிறார். முப்பது வருடத்துக்குமேல் அந்தப் ‘பரவாயில்லை’ அவர் காதில் இருந்திருக்கிறது. நம் ஆசிரியர் தினக் கவிதைகளில், ஏன், என் கட்டுரையின் முதல் வடிவத்தில்கூட, அந்த ஒரு வரி அளவுக்குக்கூட இடம் இல்லை.

டீச்சரைப் போய்ப் பார்த்தேன், தனியாக. தாமானில் சின்ன வீடு. முழங்காலில் கட்டு. நான் அந்த ஒற்றைக் கோட்டுக் கதையைச் சொன்னதும் சிரித்தார். அடி பற்றிய பேச்சு வந்தபோது, “அப்ப எல்லாரும் அடிச்சோம்யா” என்று சொல்லிவிட்டு மேசைவிரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். நான் நண்பனின் பெயரைச் சொன்னேன். அவன் சொன்னதைச் சொல்லவில்லை, சொல்லும் தைரியம் வரவில்லை. “அவனுக்குக் கையெழுத்து நல்லா இருக்கும். ஐந்து பேருக்குமேல கார்ல ஏத்த முடியாது” என்றார். நான் கேட்காத கேள்விக்கு அது பதிலா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. புறப்படும்போது அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அதை எந்தக் குழப்பமும் இல்லாமல்தான் செய்தேன்.

அடுத்த வாரம் நண்பனின் லாரி பிறை பக்கம் வந்தபோது மாமாக் கடையில் உட்கார்ந்தோம். கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன். “அப்படியா?” என்று மட்டும் கேட்டான். பிறகு இந்த நாவலைப் பற்றிச் சொன்னேன். அல்ஜியர்ஸ், பார்லி மிட்டாய், நான்கு பையன்கள், தேர்வு. மிட்டாய் பெயரைக் கேட்டுச் சிரித்தான். சாந்தியாகோ வந்ததும் ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டான்.

“அப்புறம் அவன் என்ன ஆனான்?”

“புத்தகத்துல இல்ல.”

“தோத்தப்புறம் அந்த வாத்தியார் அவன் வீட்டுக்குப் போனாரா?”

“அதுவும் இல்ல.”

தே தாரிக்கைக் குடித்து முடித்தான். லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

“நீ எழுதுறல்ல, அப்ப அதையும் எழுது. என் பேரப் போட்றாத.”